அது வெறும் தலைவலி இல்லை

அக்காவுக்குத் தலைவலி மாத்திரை வாங்கிக் கொடுத்தவன் நான்தான்.

அப்போது எனக்கு வயது 19. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். அக்காவுக்கு எட்டாவது மாதம். தலைப்பிரசவம் என்பதால் வளைகாப்பு முடித்து எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்திருந்தோம். கால் வீங்கியிருந்தது. "மாசமா இருந்தா கால்ல நீர் கோக்கத்தான் செய்யும், பார்லித் தண்ணி குடி" என்றார் அம்மா. பிறகு முகம் வீங்கியது. வளைகாப்பில் போட்ட கண்ணாடி வளையல்கள் மணிக்கட்டை இறுக்கின. "தாய் வீட்டுச் சோறு, உடம்பு பிடிச்சிருக்கு" என்று தெருவே மகிழ்ந்தது. "டேய் தம்பி, தலை வெடிக்கிற மாதிரி இருக்குடா. கண்ணுல என்னமோ மின்னி மின்னி மறையுது" என்று அக்கா சொன்னபோது, மெடிக்கலுக்கு ஓடிப்போய் மாத்திரை வாங்கி வந்தேன். என்னால் முடிந்த உதவி அது என்று நினைத்தேன்.

மறுநாள் மாலை வலி தாங்காமல் மருத்துவமனைக்குப் போனோம். பணியில் இருந்தவர் முதலில் ஊரைக் கேட்டார். அடுத்து, "காலனியா?" என்றார். ஆமாம் என்றோம். "உங்க ஆளுங்க தலைவலிக்கும் ஊரையே கூட்டிக்கிட்டு வந்துடுவீங்க. இன்னும் நாள் இருக்கு. காலையில ஓ.பி.க்கு வாங்க" என்றார். அக்காவின் கையைத் தொடவில்லை. இரத்த அழுத்தக் கருவி அதே மேசையில்தான் இருந்தது.

அன்றிரவு அக்காவுக்கு வலிப்பு வந்தது. கையில் இரும்புச் சாவியைத் திணித்தார்கள். காத்துக் கருப்பு அடித்துவிட்டது என்று வேப்பிலை தேடினார்கள். 108 வந்து, பெரிய மருத்துவமனை போய், ஊசி போட்டு அக்காவைக் காப்பாற்றினார்கள். குழந்தையைக் காப்பாற்ற முடியவில்லை.

"இதை ஏன் இந்தப் பத்தியில் எழுத வேண்டும்? மருத்துவப் பக்கத்துக்கான செய்திதானே?" என்று ஒரு தோழர் கேட்டார். அந்த மேசையில் இருந்த கருவி அக்காவின் கையைச் சுற்றாமல் போனது மருத்துவச் செய்தி மட்டுமா? அதனால்தான் இங்கே எழுதுகிறேன். ஆனால் கோபத்தை மட்டும் எழுதி முடித்தால் யாருக்கும் பயனில்லை. முதலில் நோயைப் பற்றிப் பேசிவிடுகிறேன்.

இதை மருத்துவர்கள் பிரீ-எக்லாம்ப்சியா என்கிறார்கள். தமிழில் முன்சூல்வலிப்பு. கர்ப்பத்தின் 20 வாரங்களுக்குப் பிறகு வருவது. பெரும்பாலும் கடைசி மாதங்களில். குழந்தைக்கு இரத்தம் கொண்டுபோகும் நச்சுக்கொடி கருப்பையில் பதியும்போது அதன் இரத்தக் குழாய்கள் சரியாக விரிவடையாமல் போவதிலிருந்து இது தொடங்குகிறது. போதிய இரத்தம் கிடைக்காத நச்சுக்கொடி வெளியிடும் பொருட்கள் தாயின் உடல் முழுவதும் உள்ள இரத்தக் குழாய்களின் உட்சுவரைப் பாதிக்கின்றன. அதனால் இரத்த அழுத்தம் ஏறுகிறது. சிறுநீரகம் பாதிக்கப்பட்டால் சிறுநீரில் புரதம் கசிகிறது. கல்லீரல் பாதிக்கப்பட்டால் வலது விலா எலும்புக்குக் கீழே வலிக்கிறது. மூளை பாதிக்கப்பட்டால் தலை வலிக்கிறது, பார்வை மங்குகிறது, கடைசியில் வலிப்பு வருகிறது. அதாவது, நாம் தனித்தனியாகப் பித்தம், வாயு, சூடு, காத்துக் கருப்பு என்று பெயர் வைக்கும் எல்லாம் ஒரே நோயின் வெவ்வேறு முகங்களாக இருக்கக்கூடும்.

எவற்றைக் கவனிக்க வேண்டும்? ஓய்வெடுத்தும் மாத்திரை போட்டும் போகாத கடும் தலைவலி. கண் மங்குதல், பூச்சி பறப்பது போலவோ மின்னுவது போலவோ தெரிதல். மேல்வயிற்றில், குறிப்பாக வலது விலாவுக்குக் கீழே வலி. கடைசி மாதங்களில் புதிதாகத் தொடங்கும் குமட்டல், வாந்தி. முகத்திலும் கைகளிலும் திடீர் வீக்கம், சில நாட்களிலேயே கூடும் எடை. மூச்சுத் திணறல். சிறுநீர் குறைதல். குழந்தையின் அசைவு குறைவதும் எந்தக் காரணத்தால் ஆனாலும் உடனே காட்ட வேண்டிய ஒன்று.

கால் வீக்கம் மட்டும் இருந்தால் பயப்பட வேண்டியதில்லை. கர்ப்பிணிகள் பலருக்கும் அது வரும். ஆனால் 'எல்லோருக்கும் வருவதுதான்' என்ற அந்தச் சொல்லே முகம் வீங்கிய என் அக்காவையும் மறைத்துவிட்டது. எதிர்ப்பக்கமும் உண்டு. எந்த அறிகுறியும் இல்லாமலே, எந்த வீக்கமும் இல்லாமலே இந்த நோய் இருக்கலாம். அதனால்தான் ஒவ்வொரு பரிசோதனையிலும் இரத்த அழுத்தமும் சிறுநீரும் பார்க்க வேண்டும் என்கிறார்கள். எடையை மட்டும் பார்த்து, அட்டையில் எழுதி, இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினால் அது முழுப் பரிசோதனை ஆகாது.

இரண்டு எண்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மேல் அளவு 140 அல்லது கீழ் அளவு 90, இரண்டில் ஒன்று எட்டினாலும் அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும். 160 அல்லது 110 எட்டினால் அது அவசரநிலை. தலைவலி போகட்டும், விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

தலைப்பிரசவம், இரட்டைக் குழந்தை, முந்தைய கர்ப்பத்தில் இதே நோய், ஏற்கெனவே இருக்கும் இரத்தக் கொதிப்பு, சர்க்கரை, சிறுநீரக நோய், உடல் பருமன், அதிக வயது ஆகியவை இந்த நோய் வரும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. அப்படிப்பட்டவர்களுக்குக் கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே குறைந்த அளவு ஆஸ்பிரின் கொடுப்பது நோய் வரும் வாய்ப்பைக் குறைக்கிறது. அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். உணவில் சுண்ணாம்புச் சத்து குறைவாக உள்ள பெண்களுக்குக் கால்சியம் மாத்திரை பலன் தருகிறது. அரசு நிலையங்களில் அதை இலவசமாகத் தருகிறார்கள். பரணில் போட்டுவைக்காமல் சாப்பிட வேண்டும். உப்பை நிறுத்தினால் இந்த நோய் வராது என்பது உண்மை இல்லை. வீக்கத்துக்கு நீர் பிரியும் மாத்திரையோ, தலைவலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரையோ இதற்கு மருந்து இல்லை. கடைசி மாதங்களில் சில வலி மாத்திரைகள் குழந்தைக்கே கேடு. இதை நான் காலம் கடந்து தெரிந்துகொண்டேன்.

வலிப்பு வந்துவிட்டால் இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்து, இடித்துக்கொள்ளக்கூடிய பொருட்களை அகற்றி, 108-ஐ அழைக்க வேண்டும். சாவி வேண்டாம். வாயில் கரண்டியோ துணியோ வேண்டாம். தண்ணீர் ஊற்றவும் கூடாது. மெக்னீசியம் சல்பேட் என்ற ஊசி வலிப்பை நிறுத்தும், வராமலும் தடுக்கும். 33 நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்து 2002-இல் வெளிவந்த மாக்பை ஆய்வு, இந்த ஊசி வலிப்பு வரும் வாய்ப்பைப் பாதிக்கும் மேல் குறைக்கிறது என்று காட்டியது. விலை குறைந்த பழைய மருந்துதான். பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவதற்கு முன்பே முதல் தவணையைப் போட்டுவிடலாம். மருந்து இருக்கிறது, ஆம்புலன்ஸ் இருக்கிறது. நேரத்தைத்தான் நாம் இழக்கிறோம்.

குழந்தை பிறந்துவிட்டால் ஆபத்து முடிந்தது என்றும் நினைக்காதீர்கள். நோய் தீர நச்சுக்கொடி வெளியேற வேண்டும் என்பது சரிதான். ஆனால் பிரசவத்துக்குப் பிந்தைய ஆறு வாரங்கள் வரையிலும் இரத்த அழுத்தம் ஏறலாம், வலிப்பு வரலாம். பச்சை உடம்புக்காரி தலை வலிக்கிறது என்றால், காதில் பஞ்சு வைத்துப் படுக்கச் சொல்வதோடு நின்றுவிடாமல் இரத்த அழுத்தத்தைப் பாருங்கள்.

இனி அந்த மேசைக்கு வருகிறேன்.

தமிழ்நாட்டின் பொது சுகாதாரக் கட்டமைப்பைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. என் அக்காவைக் காப்பாற்றியதும் ஓர் அரசு மருத்துவமனைதான். 2018-20 காலத்துக்கான மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஓர் இலட்சம் உயிருள்ள பிறப்புக்கு 97 தாய்மார்கள் இறந்தார்கள், தமிழ்நாட்டில் 54. இங்கே பிரசவங்கள் ஏறக்குறைய முழுவதும் மருத்துவமனைகளில்தான் நடக்கின்றன. இது பல பத்தாண்டு உழைப்பு. ஆனால் பக்கத்தில் உள்ள கேரளத்தின் எண் 19. மேலும், சராசரி என்பது எல்லோரையும் சேர்த்துப் போட்ட கணக்கு. ஊர்த்தெருவுக்கும் சேரிக்கும் சேர்த்து ஒரே எண்ணைச் சொல்லும்போது, வாசல்வரை வந்து திரும்பியவள் அதற்குள் மறைந்துபோகிறாள்.

இரத்த அழுத்தம் பார்க்க வேண்டுமானால் ஒருவர் இன்னொருவரின் கையைத் தொட வேண்டும். அறிகுறியைக் கேட்க வேண்டுமானால் அவள் சொல்வதை நம்ப வேண்டும். தொடாமையும் நம்பாமையும்தான் சாதியின் அடிப்படைத் தொழில்கள். 'இவர்களுக்கு வலி தாங்கும்', 'இவர்கள் மிகைப்படுத்துவார்கள்' என்ற இரண்டு பொய்களையும் சாதி ஒரே வாயால் சொல்லும்.

இது நம்மோடு நிற்பதில்லை. அமெரிக்காவில் 2021-இல் ஓர் இலட்சம் பிறப்புக்கு 26.6 வெள்ளையினத் தாய்மார்கள் இறந்தார்கள். கறுப்பினத் தாய்மார்கள் 69.9. 2016 ரியோ ஒலிம்பிக்கில் 4x100 தொடர் ஓட்டத்தில் தங்கம் வென்ற அணியில் அலிசன் ஃபீலிக்ஸ், டோரி போவி என்ற இரண்டு கறுப்பினப் பெண்கள் ஓடினார்கள். 2018-இல் ஃபீலிக்ஸுக்குக் கடுமையான முன்சூல்வலிப்பு வந்து 32-ஆவது வாரத்திலேயே அறுவை சிகிச்சையில் குழந்தையை எடுத்தார்கள். அடுத்த ஆண்டு அவர் நாடாளுமன்றக் குழுவின் முன் கறுப்பினத் தாய்மார்களின் மரணங்களைப் பற்றிச் சாட்சியம் சொன்னார். 2023-இல் எட்டு மாதக் கர்ப்பிணியான போவி தன் வீட்டில் இறந்து கிடந்தார். வயது 32. சாவுக்குக் காரணமாக இருந்திருக்கக்கூடிய சிக்கல்களில் ஒன்றாகச் சூல்வலிப்பையும் உடற்கூறாய்வு குறிப்பிட்டது. ஒலிம்பிக் தங்கம் வென்ற உடம்பாலும் இந்த நோயைத் தனியாக எதிர்த்து ஓட முடியவில்லை.

தோழர்களே, நம்மில் பலர் மேடையில் பெண் விடுதலை பேசுகிறோம். வீட்டில் கர்ப்பம் 'பொம்பளைங்க விஷயம்' என்று நகர்ந்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். அந்தப் பழக்கத்தை இனியாவது விடுவோம். செய்ய வேண்டியவை எளியவைதான்.

வளைகாப்புக்குப் பட்டுப்புடவை எடுக்கும் செலவில் சிறு பகுதிக்கு ஓர் இரத்த அழுத்தக் கருவி கிடைக்கும். அதைப் பரிசாகக் கொடுங்கள். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார வைத்து, முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, கையை நெஞ்சு உயரத்தில் வைத்துப் பார்த்து, நாளும் அளவும் எழுதி வையுங்கள். தெருவுக்கு ஒரு கருவி இருந்தாலும் போதும். அமைப்பின் கிளைகள் அதைச் செய்யலாம்.

தாய் வீட்டுக்கு அழைத்து வருவது நம் வழக்கம். ஆபத்து கூடும் அதே மாதங்களில்தான் பெண் ஒரு சுகாதார நிலையத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறாள். செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் இடம்பெயரும் குடும்பங்களின் நிலை இன்னும் மோசம். பரிசோதனை அட்டையும் பதிவு எண்ணும் அவளோடு போக வேண்டும். வந்த மறுநாளே அந்த ஊர் கிராம சுகாதார செவிலியரைப் பார்க்க வேண்டும்.

மருத்துவமனைக்கு அவளைத் தனியாக அனுப்பாதீர்கள். 'தலை வலிக்குது' என்று மட்டும் சொல்லாமல், "எட்டு மாசம், ரெண்டு நாளா தலைவலி, கண் மங்குது, பிரஷர் பாருங்க" என்று சொல்லுங்கள். அளவைக் கேட்டு வாங்கி அட்டையில் எழுதச் சொல்லுங்கள். பார்க்க மறுத்தால் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு வேறு இடத்துக்கு நகருங்கள். புகார் பிறகு, உயிர் முதலில். ஆனால் புகாரை மறந்துவிடாதீர்கள். நாங்கள் கொடுக்கவில்லை. எங்கள் துக்கத்தில் அது எங்களுக்குத் தோன்றவே இல்லை. அந்த மேசைக்கு அடுத்து வந்த பெண்ணுக்கு என்ன ஆனது என்று இன்றும் நினைத்துக்கொள்வேன்.

அக்காவை அதன் பிறகு 'ராசி இல்லாதவள்' என்றார்கள். எல்லாம் விதி, முன்வினை என்றார்கள். அளக்காமல் விட்ட ஒரு எண்ணுக்குப் பெயர் விதி. மூன்று ஆண்டு கழித்து அவள் மறுபடியும் கருவுற்றபோது, முதல் பரிசோதனையிலேயே நடந்ததை எல்லாம் சொன்னோம். மருத்துவர் சொன்ன மாத்திரையை ஒரு நாள் விடாமல் சாப்பிட்டாள். எங்கள் பகுதிக்கு வந்த செவிலியர் அம்மா திண்ணையில் அமர்ந்து, அவள் கையைத் தன் மடியில் வைத்து அழுத்தம் பார்ப்பார். மற்ற நாட்களில் நான் பார்ப்பேன். 36-ஆவது வாரத்தில் ஒரு மாலை 148/96 காட்டியது. அக்காவுக்கு வலி எதுவும் இல்லை, வீக்கமும் இல்லை. இந்த முறை நான் மெடிக்கலுக்கு ஓடவில்லை. ஆட்டோவை அழைத்தேன்.

அந்தப் பிள்ளை இப்போது மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள். அந்தக் கருவி எங்கள் தெருவில் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கிறது.