பட்டமும் பாண்டித்தியமும்

கடலூரில் 1934-ஆம் வருஷம் பிறந்து 2015-ல் மறைந்த ஜெயகாந்தன் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். அவர் கதைகளை ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற்றோர் பலர். அவரே கலாசாலை ஆசிரியர் வேலைக்கு மனுச் செய்திருந்தால், உறையைப் பிரித்த குமாஸ்தாவே தள்ளியிருப்பார்! 2002-ஆம் வருஷத்துக்குரிய ஞானபீடப் பரிசு அங்கே செல்லாது.

பக்கத்துச் சிதம்பரத்தில் முன்பு இப்படியில்லை. 1924 முதல் 1927 வரை மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் தலைவராயிருந்த உ.வே. சாமிநாதையர் எந்தச் சர்வகலாசாலையிலும் வாசித்தவரல்லர். 1880-ல் கும்பகோணம் காலேஜில் அவரை அமர்த்தியபோது தியாகராச செட்டியாரின் சிபாரிசையும் அவரது புலமையையுமே பார்த்தார்கள். அந்நிய ஆட்சியில் இயன்றது சுயராஜ்யத்தில் நெடுங்காலம் இயலாதிருந்தது வெட்கக்கேடு.

2022-ல் பல்கலைக்கழக மானியக் குழு ஒரு வழி திறந்தது. பட்டமில்லாவிடினும் தத்தம் தொழிலில் நெடுநாள் தேர்ந்தோரை, மொத்த ஆசிரியர் ஸ்தானங்களில் பத்திலொரு பங்குக்கு மேற்படாமல், பேராசிரியராக அமர்த்திக்கொள்ளலாமாம். இலக்கியமும் அதில் சேர்த்தி. சட்டம் படித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்லுகிறோம்: ‘லாம்’ என்று முடியும் விதியைக் கேட்பாரில்லாவிடில் அது காகிதத்திலேயே கிடக்கும். ஆகவே கேட்கிறோம். அண்ணாமலை சர்வகலாசாலைத் தமிழ்த் துறையில் வரும் வருஷமே ஓர் எழுத்தாளரை அமர்த்துக.