அலமாரியைச் சுவரோடு பிணையுங்கள்

பெங்களூர் வாடகை வீடுகளில் உயரமான அலமாரியைச் சுவரோரம் நிறுத்தியதோடு மறந்துவிடுகிறோம். இழுப்பறைகளைத் திறந்து படியாக்கிக் குழந்தை ஏறினால் அது முன்னோக்கிக் கவிழும். இவ்விதம் குழந்தைகள் மரித்ததினிமித்தமே 2016-இல் ஐக்கியா நிறுவனம் அமெரிக்காவில் ஏறக்குறைய 2.9 கோடி இழுப்பறை அலமாரிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது.

அலமாரியின் மேற்புறத்தை ‘எல்’ கிளாம்பினால் சுவரோடு இணையுங்கள். துளையிடுகையில் டிரில் திடீரென உள்ளே பாய்ந்தால் அது ஹாலோ பிளாக்; அதன் வெற்றிடத்தில் சாதாரண பிளக் பிடிக்காது, உள்ளே விரியும் வகையே வேண்டும். செங்கற்சுவராயினும் பிளக் பூச்சோடு நின்றுவிடலாகாது, கல்லுக்குள் இறங்கவேண்டும். சுவிட்சுக்கு நேர்மேலே துளைக்காதீர்கள், மின்கம்பி செல்லும்.

வீட்டுக்காரர் அட்வான்ஸில் பிடிப்பாரே என்கிறீர்களா? பத்து மாத வாடகையை முன்பணமாகக் கொடுத்தவருக்கு அவ்வச்சம் இயல்பே. முன்னதாகவே அவரிடம் சொல்லிவிடுங்கள். காலி செய்கையில் இரண்டு துளைகளை அடைக்கச் சிறிது வெள்ளைச் சிமெண்ட் போதும்.