குறட்டை நின்றால் கவனியுங்கள்!

அனல் மின் நிலையம், ரசாயன ஆலை என்று இரவு பகலாக இயங்கும் ஊர் எங்கள் மேட்டூர். ஷிப்ட் முடித்து வருகிறவர் பகலில் தூங்க, குக்கர் விசிலைக்கூட அடக்கி வைக்கும் வீடுகள் இங்கே ஏராளம்.

போன வாரம் பக்கத்து வீட்டுப் பெண் வந்தாள். "அக்கா, எங்க வூட்டுக்காரரு அடிச்சுப் போட்டாப்பல தூங்கறாருங்க. குறட்டை தெருமுனை வரைக்கும் கேக்குது. ஆனா எந்திரிச்சா தலைவலிங்கறாரு. டீ குடிக்கையிலேயே கண்ணு சொக்குது."

"குறட்டை நடுவில் நிற்கிறதா?" என்றேன்.

"ஆமாங்கக்கா! திடீர்னு சத்தமே இருக்காது. நான் பயந்து எந்திரிச்சுப் பார்ப்பேன். அப்புறம் திணறினாப்பல ஒரு இழுப்பு இழுப்பாரு."

சகோதரிகளே, பயப்பட வேண்டியது குறட்டையை விட, அந்த நிசப்தத்துக்குத்தான். தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப் பாதை அடைபடுகிறது. 10 விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நிற்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்ததும் மூளை அவரை அரைகுறையாக எழுப்பிவிடுகிறது. மணிக்கு 5 தடவை இப்படி ஆனாலே நோய்தான். முற்றினால் 30-ஐத் தாண்டும். காலையில் அவருக்கு ஒன்றும் நினைவிருக்காது. பக்கத்தில் படுத்திருக்கும் உங்களுக்குத்தான் தெரியும்!

உடல் பருமன், தடித்த கழுத்து, மது, புகை, மூக்கடைப்பு இவை இருந்தால் கூடுதல் கவனம் தேவை. ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் பெரும்பாலும் கூடவே வரும். ஒல்லியானவர்களுக்கும் வரலாம். இந்தி இசையமைப்பாளர் பப்பி லஹிரி 2022-ல் இறந்தபோது மருத்துவர்கள் சொன்ன காரணங்களில் இந்த நோயும் ஒன்று.

நமக்கு மட்டும் வராதா என்ன? மாதவிடாய் நின்ற பிறகும், கர்ப்ப காலத்திலும் வரும். ஓயாத அசதியை 'வீட்டு வேலை அலுப்பு' என்று நாமே தள்ளிவிடுகிறோம். குழந்தை வாயைத் திறந்தபடி தினமும் குறட்டை விட்டால் டான்சில், அடினாய்டு சதை வளர்ந்திருக்கலாம், காட்டிவிடுங்கள்.

டாக்டரைக் கேட்காமல் தூக்க மாத்திரை மட்டும் வேண்டாம், மூச்சடைப்பு அதிகமாகலாம். ஒருக்களித்துப் படுப்பதும் எடை குறைப்பதும் உதவும். இரவு முழுக்க மூச்சையும் ஆக்சிஜனையும் பதிவு செய்யும் பரிசோதனை உண்டு. காற்றழுத்தத்தால் தொண்டையைத் திறந்து வைக்கும் முகமூடிக் கருவி 1981-லேயே வந்துவிட்டது.

"நான் குறட்டையே விடறதில்லைன்னு சண்டைக்கு வருவாருங்க" என்றாள். செல்போனில் பதிவு செய்யச் சொன்னேன். கேட்டுவிட்டு மனுஷர் அரண்டு போனாராம். நைட் ஷிப்ட் முடித்து பவானி ரோட்டில் பைக் ஓட்டி வருகிறவர் ஆயிற்றே! இப்போதைக்கு பஸ்ஸில் போய் வருகிறார். செவ்வாய்க்கிழமை இருவரும் சேலத்துக்கு, காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போகிறார்கள்.