இ.எம்.ஐ. நீங்க கட்டுறீங்க... உங்க கார் யாருக்கு வேலை பார்க்குது?

கார் லோன் பத்தி நம்ம சேனல்ல பேசினப்போ டவுன் பேமென்ட், வட்டி, ரீசேல் வேல்யூன்னு எல்லாக் கணக்கையும் போட்டோம். ஒண்ணை மட்டும் விட்டுட்டேன். தூத்துக்குடியில இருக்கிற நண்பர் ஒருத்தரோட அனுபவம்தான் அதை எனக்கு ஞாபகப்படுத்துச்சு.

அவருக்கு ஹார்பர்ல ஷிஃப்ட் வேலை. நாலு வருஷம் ஓடின ஒரு செகண்ட் ஹேண்ட் ஹேட்ச்பேக் வாங்கினார். ஆர்.சி. மாத்தியாச்சு, இன்சூரன்ஸும் மாத்தியாச்சு. ரெண்டு வாரம் கழிச்சு, வண்டியை வித்தவர்கிட்ட இருந்து வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ்: "தம்பி, நேத்து ராத்திரி ஒன்றரை மணிக்கு வண்டி ஹார்பர் ரோட்ல நின்னுச்சே, ஏதும் ரிப்பேரா?"

அண்ணாச்சி நல்ல மனசோடதான் கேட்டிருக்கார். அவர் போன்ல அந்தக் காரோட ஆப் அப்படியே இருந்திருக்கு. வண்டி எங்க போகுது, எத்தனை மணிக்கு நிக்குதுன்னு எல்லாமே அவருக்குத் தெரிஞ்சிருக்கு. அவர் பார்த்தது நமக்குத் தெரிய வந்ததே, அவர் மெசேஜ் அனுப்பினதாலதான். மெசேஜ் அனுப்பாம பார்க்கிறவங்களை என்ன பண்றது?

காருக்குள்ள ஒரு சிம்

2019-ல் எம்.ஜி. ஹெக்டர் 'இன்டர்நெட் கார்'னு விளம்பரத்தோட வந்தது. அப்போ அது புதுமை. இப்போ பல கார்கள்ல, அதுவும் மேல் வேரியன்ட்கள்ல, இ-சிம் உள்ளேயே வந்துடுது. தூத்துக்குடியையே எடுத்துக்கோங்க. 2025 ஆகஸ்ட் 4 அன்னிக்கு அங்க சிப்காட்ல வின்ஃபாஸ்ட் தொழிற்சாலை திறந்தாங்க. ஆரம்பத் திறன் வருஷத்துக்கு 50,000 மின்சாரக் கார். மீன், உப்பு, முத்துன்னு பேர் வாங்கின ஊர்ல இப்போ ஆப்போட பேசுற கார் தயாராகுது. வேலைவாய்ப்புக்கு நல்லதுதான். ஆனா வாங்குறவங்க, எந்தக் கம்பெனி காரா இருந்தாலும், இன்னொரு கேள்வியும் கேட்கணும்: இந்த வண்டி சேகரிக்கிற தகவல் எங்க போகுது?

2023-ல் மொஸில்லா அறக்கட்டளை 25 கார் பிராண்டுகளோட பிரைவசி கொள்கைகளை ஆராய்ஞ்சது. ஒண்ணுகூட பாஸ் ஆகலை. 84 சதவீத பிராண்டுகள் உங்க தகவலைப் பகிரலாம் அல்லது விற்கலாம்னு அந்த ஆய்வு சொல்லுச்சு.

இது பர்ஸ் விஷயம்

"நான் எங்க போனா யாருக்கு என்ன? மறைக்க என்ன இருக்கு?"ன்னு கேட்பீங்க. நியாயம்தான். ஆனா இதை மானம், ரகசியம்னு பார்க்காம, பணம்னு பாருங்க.

அமெரிக்காவுல ஜெனரல் மோட்டார்ஸ் கார்கள்ல இருந்து போன ஓட்டும் முறைத் தகவல், இடைத்தரகு நிறுவனங்கள் வழியா இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்குப் போய்ச் சேர்ந்ததை 2024 மார்ச்ல நியூயார்க் டைம்ஸ் வெளிக்கொண்டு வந்தது. சிலருக்குப் பிரீமியம் ஏறின பிறகுதான் விஷயமே தெரிஞ்சது. 2025 ஜனவரியில எஃப்.டி.சி. என்கிற அரசு அமைப்பு நடவடிக்கை எடுத்தது. சில நேரம் 3 விநாடிக்கு ஒரு தடவை இருப்பிடத்தைப் பதிவு பண்ணியிருக்காங்கன்னு அது சொல்லுச்சு. சடன் பிரேக், அதிவேகம், நள்ளிரவுப் பயணம் எல்லாம் அந்தக் கணக்குல இருந்தது.

இப்போ நம்ம ஹார்பர் நண்பரை அந்தத் தராசுல வைங்க. நைட் ஷிஃப்ட் முடிச்சு வர்றவருக்கு நள்ளிரவுப் பயணம் தினப்படி. கன்டெய்னர் லாரியும் உப்பு லாரியும் ஓடுற ரோட்ல சடன் பிரேக் போடாம ஓட்ட முடியுமா? அவர் நிதானமான டிரைவர். ஆனா டேட்டா அவரை 'ரிஸ்க்'னு சொல்லும். பிரேக் போட்டது அதுக்குத் தெரியும். ஏன் போட்டார்னு தெரியாது.

நம்ம நாட்டுலயும் இதுக்குக் கதவு திறந்தாச்சு. எப்படி ஓட்டுறீங்கன்னு பார்த்துப் பிரீமியம் போடுற ஆட்-ஆனுக்கு ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2022 ஜூலையில அனுமதி கொடுத்தது. விருப்பம் இருந்தா எடுக்கிற வசதிதான் அது. நல்லா ஓட்டுறவங்களுக்கு லாபமும் இருக்கலாம். தெரிஞ்சு கொடுக்கிறதும் தெரியாம போறதும் ஒண்ணு இல்லைங்கிறதுதான் என் வாதம்.

"இங்கல்லாம் யார் விக்கப் போறா?"

ஏற்கெனவே வித்தாச்சு! 'வாகன்', 'சாரதி' தளங்கள்ல இருந்த வண்டிப் பதிவு, லைசென்ஸ் தகவல்களை மொத்தமா வாங்க, வருஷத்துக்கு ரூ.3 கோடின்னு 2019-ல் மத்திய அரசே விலை வெச்சது. 87 தனியார் நிறுவனங்களுக்கும் 32 அரசு அமைப்புகளுக்கும் கொடுத்ததுல ரூ.65 கோடி வந்ததுன்னு அந்த ஜூலையில நாடாளுமன்றத்துலயே சொன்னாங்க. தனியுரிமைப் பிரச்சனை கிளம்பி 2020-ல் அந்தக் கொள்கையைக் கைவிட்டாங்க.

2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ரூ.250 கோடி வரை அபராதம் போடலாம். ஆனா விதிகள் 2025 நவம்பர்லதான் வெளியாச்சு. நம்ம சம்மதம் சம்பந்தப்பட்ட முக்கியப் பகுதிகள் அமலாக அதுல இருந்து 18 மாசம். அதுவரை நம்ம பாதுகாப்பு பெரும்பாலும் நம்ம கையிலதான்.

அந்தக் கடற்கரையில வெள்ளைக்காரன் காலத்து முத்துக்குளிப்புல, மூச்சடக்கிச் சிப்பி எடுத்தவங்களுக்கு மூணுல ஒரு பங்கு, மீதி சர்க்காருக்கு. பங்கு கம்மிதான். ஆனா எவ்வளவு எடுத்தோம், எவ்வளவு கொடுத்தோம்னு குளிச்சவங்களுக்குத் தெரியும். நம்ம கார்ல அதுகூடத் தெரியறதில்லை.

என்ன பண்ணலாம்?

முதல்ல, வேரியன்ட் விலையைப் பாருங்க. சன்ரூஃப் ஆசையில மேல் வேரியன்ட் எடுத்தா கனெக்டட் வசதிக்கும் சேர்த்துத்தான் அஞ்சு, ஏழு வருஷம் வட்டி கட்டுவீங்க. இலவச சந்தா எத்தனை வருஷம், அதுக்கப்புறம் எவ்வளவுன்னு புக்கிங்குக்கு முன்னாடியே எழுத்துல கேளுங்க.

டெலிவரி அன்னிக்கு சேல்ஸ்மேன் உங்க போனை வாங்கி 'ஐ அக்ரீ' தட்ட விடாதீங்க. நீங்களே செட்டிங்ஸ் போய்ப் பாருங்க. விபத்து நேர எஸ்.ஓ.எஸ்., திருட்டு எச்சரிக்கை ரெண்டும் உண்மையிலேயே உதவும், வெச்சுக்கோங்க. ஓட்டும் முறைத் தகவலைப் பகிர்றதை அணைக்க வழி இருந்தா அணைச்சிடுங்க.

ஓட்டும் முறை ஆட்-ஆன் எடுத்தா, ஸ்கோர் குறைஞ்சா அடுத்த வருஷப் பிரீமியம் ஏறுமான்னு கேட்டுட்டு எடுங்க.

கடைசியா, பழைய கார் வாங்கினாலும் வித்தாலும் ஸ்கிரீனை ஃபேக்டரி ரீசெட் பண்ணுங்க, போன் கான்டாக்ட்ஸை அழிங்க. ஆப்ல ஓனர் பேரை மாத்தச் சொல்லி கஸ்டமர் கேருக்குப் பேசுங்க.

நம்ம அண்ணாச்சி, விஷயம் தெரிஞ்ச அன்னிக்கே ஆப்பை எடுத்துட்டார். "எனக்கே தெரியாது தம்பி, ஏதோ நோட்டிஃபிகேஷன் வந்துச்சு, பார்த்தேன்"னு சங்கடப்பட்டாராம். தப்பு அவர் மேலயும் இல்லை. ஆர்.சி.யில பேர் மாறினதோட வண்டி நம்மளோடதுன்னு நினைச்சுட்டோம். ஆப்லயும் பேர் மாறினாத்தான் அது முழுசா நம்ம வண்டி.