உங்க பையன் இன்னும் நடக்கலையா?

போன மாசம் அக்கா தன் பையனோடு எங்க வீட்டுக்கு வந்து பத்து நாள் இருந்தாள். பையனுக்கு அப்போ 13 மாசம். சுவரைப் பிடிச்சுக்கிட்டு நடப்பான், தறிக்காலைப் பிடிச்சுக்கிட்டு நிப்பான். கையை மட்டும் விடமாட்டான். அவ்வளவுதான் விஷயம்.

ஆனா வெம்பாக்கத்துல அது அவ்வளவோட முடியுமா? முதல் நாளே ஆரம்பிச்சாச்சு.

"இன்னாடி, இன்னும் நடக்கலையா? எங்க பொண்ணு பத்தாம் மாசமே தெருக்கோடி வரைக்கும் ஓடுனா."

"பால் பத்தலியோ? கேவுரு கூழ் குடுத்துப் பாரேன்."

"ரொம்பத் தூக்கித் தூக்கி வச்சிருந்தா எப்படி நடக்கும்?"

மூணாவது நாள் ராத்திரி தண்ணி குடிக்க எழுந்தேன். அக்கா விளக்கைப் போட்டு, தூங்கிக்கிட்டிருந்த பையனை எழுப்பி, சுவரோரமா நிறுத்தி "வாடா, வாடா" என்று கூப்பிட்டுக்கிட்டு இருந்தாள். அவன் அழுதான். அவளும் அழுதாள். இதை எழுதுவதற்குக் காரணம் அந்த ராத்திரிதான்.

எங்களுக்கு பி.காம்.ல பிசினஸ் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்று ஒரு பேப்பர் உண்டு. அதுல ஆரம்பத்துலயே சொல்லித் தர்ற பாடம்: சராசரியை மட்டும் சொன்னால் அது பாதி உண்மை, வீச்சையும் சேர்த்துச் சொல்லணும். நம்ம அத்தைகளுக்கும் பெரியம்மாக்களுக்கும் முதல் பாதி மட்டும் நல்லாத் தெரியும்.

இரண்டாவது பாதியை உலக சுகாதார நிறுவனம் 2006-ல வெளியிட்டது. இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா என்று ஐந்து நாட்டில் 816 ஆரோக்கியமான குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்து எழுதினது. தானாக நடப்பதற்கு சராசரி 12 மாசத்தை ஒட்டி வருது. ஆனால் வீச்சு 8.2 மாசத்திலிருந்து 17.6 மாசம் வரை! பிடிமானம் இல்லாமல் உட்காருவது 3.8 முதல் 9.2 மாசம் வரை. தவழ்வது இன்னும் வேடிக்கை: 4.3 சதவீதம் குழந்தைகள் கையும் முட்டியும் ஊன்றித் தவழவே இல்லை. நேரா எழுந்து நடந்துட்டாங்க.

அப்படின்னா பத்தாம் மாசம் ஓடின பொண்ணும் சரி, பதினாறாம் மாசம் நடக்கிற பையனும் சரி, ரெண்டும் நல்ல குழந்தைதான். இதுல யாருக்கும் மெடல் இல்லை, யாருக்கும் அரியர் இல்லை.

நம்ம முன்னோர்களுக்கு இது புரிஞ்சிருக்கு என்று நினைக்கிறேன். பிள்ளைத்தமிழ்ல செங்கீரை, சப்பாணி, வாரானை என்று பத்துப் பருவம் வச்சாங்க. பருவம்! மழைக்காலம் என்ன காலண்டர்ல போட்ட தேதியிலா ஆரம்பிக்குது? நாமதான் பருவத்தைத் தேதியாக்கி, அது தப்பினால் தாய்க்கு ஃபைன் போடுறோம்.

இந்தப் பயத்தை வச்சு வியாபாரம் வேற. "சீக்கிரம் நடக்கட்டும்" என்று மாமா ஒரு வாக்கர் வாங்கிட்டு வந்தார். சக்கரம் வச்சு, நடுவுல குழந்தையை உட்கார வைக்கிற வகை. (தாத்தா காலத்து மர நடைவண்டி வேற, அது குழந்தை நின்னு தள்ளுவது.) இந்த உட்கார்ற வாக்கரை கனடா 2004-லயே தடை பண்ணிடுச்சு. படிக்கட்டுல உருண்டு விழுந்து மண்டை உடையுது, அதோட நடையும் சீக்கிரம் வர்றதில்லை. எங்க வீட்டுல படிக்கட்டு இல்லை, ஆனா கூடத்துல குழித்தறி இருக்கு. யோசிச்சுப் பாருங்க. வாக்கர் இப்போ பரண் மேல இருக்கு.

நிற்க. "அப்போ எதுக்குமே பயப்பட வேணாமா?" என்று கேட்கிறவங்களுக்குத்தான் இனிமேல் எழுதுறது.

எங்க தெருவிலேயே சொந்தக்காரர் வீடு ஒண்ணு. அவங்க பையனை எல்லாரும் தங்கம் என்பாங்க. ஏன் தெரியுமா? ஏணையைத் தறிக்குப் பக்கத்துலயே கட்டியிருப்பாங்க. நாடா இந்தப் பக்கம் அந்தப் பக்கம் அடிக்கிற சத்தத்துல நம்மால பேசக்கூட முடியாது. அவன் பாட்டுக்குத் தூங்குவான். "தறிக்காரன் வீட்டுப் புள்ளடா, சத்தம் பழகிடுச்சு" என்று பெருமையா சொல்வாங்க. பதினோராம் மாசமே நடந்துட்டான். தெருவே கொண்டாடிச்சு.

ரெண்டு வயசாச்சு, பேச்சு வரலை. அதுக்கு யாராவது பயந்தாங்களா? இல்லை. "ஆம்பளப் புள்ள, மெதுவாத்தான் பேசும்", "அவன் அப்பனும் இப்படித்தான்". ஒரு தாத்தா குமரகுருபரர் கதையையே எடுத்துட்டார்: அஞ்சு வயசு வரை பேசாமல் இருந்து, திருச்செந்தூர்ல பேச்சு வந்து கந்தர் கலிவெண்பா பாடினாராம். புராணம் கேட்க நல்லா இருக்கு. ஆனா அந்தக் கதையிலயும் பெத்தவங்க சும்மா இருக்கலையே, கவலைப்பட்டு ஸ்ரீவைகுண்டத்திலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கிட்டுத்தானே போனாங்க?

ரெண்டரை வயசுல ஒரு டாக்டர் காதை டெஸ்ட் பண்ணச் சொன்னார். ரெண்டு காதும் கேட்கலை. அவன் தூங்கினது பழக்கத்தால இல்லை.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல ஆறு வயசுக்குள்ள இருக்கிற குழந்தைகளுக்கு காக்ளியர் இம்ப்ளான்ட் உண்டு. அதுல ஆபரேஷன் ஆச்சு. இப்போ கூப்பிட்டால் திரும்புறான், பேச்சுப் பயிற்சி நடக்குது. ஆனா போன ரெண்டரை வருஷத்தை எந்த இன்சூரன்ஸும் தராது. ஒரு மாசத்துக்குள்ள காது டெஸ்ட், மூணு மாசத்துக்குள்ள குறை இருக்கா என்று உறுதி, ஆறு மாசத்துக்குள்ள சிகிச்சை ஆரம்பம், இதுதான் மருத்துவர்கள் சொல்ற கணக்கு. மூளை மொழியைப் பிடிக்கிற வயசு அது.

இதுதான் என் கோபம். நடக்கலை என்றால் தெருவே கூடுது. கேட்கலை என்றால் தெருவே சமாதானம் சொல்லுது. நடையைப் பத்தி ஆயிரம் கேள்வி கேட்கிற சொந்தங்கள், "மாமன் பொண்ணைக் கட்டியிருக்கீங்களே, பொறந்ததும் காது டெஸ்ட் பண்ணீங்களா?" என்று ஒரு கேள்வி கேட்டாங்களா? நெருங்கின சொந்தத்தில் கல்யாணம் பண்ணினால் பிறவிச் செவிட்டுத்தன்மைக்கு வாய்ப்பு அதிகம். அதைக் கேட்டால் சண்டை வரும். தாயைக் கேட்டால் அவ அழுவா, அவ்வளவுதான். அதான் தாயைக் கேட்கிறாங்க.

கேட்கணும் என்றால் இதைக் கேளுங்க அத்தை: பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புதா? ஒன்பது மாசத்துல பேர் சொன்னால் பார்க்குதா? ஒன்றரை வயசு ஆகியும் நடக்கலையா? நேத்து செஞ்சதை இன்னைக்கு மறந்துடுச்சா? இதுல ஒண்ணு இடறினாலும் கூழ் வேணாம், ஜாதகம் வேணாம், டாக்டர்கிட்ட போங்க. அங்கன்வாடிக்கு வருஷத்துக்கு ரெண்டு தடவை டாக்டர் குழு வந்து இலவசமா பார்க்கணும் என்று 2013-லேருந்து திட்டமே இருக்கு. அன்னைக்குப் பிள்ளையை வீட்டுல வச்சுக்காதீங்க.

தாயோட பயம் நல்ல பயம்தான். அதைப் பக்கத்து வீட்டுப் பொண்ணோட ஒப்பிட்டு வீணாக்காதீங்க.

பி.கு.: அக்கா பையன் நடந்துட்டான். எந்த மாசம் என்று மட்டும் சொல்லமாட்டேன் :-)