காருக்குப் போகும் யூனிட்டின் விலை

கூரையில் சோலார் போட்டால் காருக்குச் சார்ஜ் இலவசம் என்று கொட்டேஷனில் எழுதும் பழக்கம் நம் தொழிலில் பரவி வருகிறது. இலவசம் இல்லை. விலை உண்டு, அது மிகக் குறைந்த விலை. அதைக் கணக்கோடு சொன்னாலே வாடிக்கையாளர் நம்புவார்.

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர்ப் பக்கம் ஒரு வீடு, இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 2024 ஜூலைக் கட்டணப்படி பில் 1,175 ரூபாய். தினம் 40 கிலோமீட்டர் ஓடும் சின்ன மின்சாரக் கார் வந்தால், சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து நாளுக்கு 6 யூனிட், இரண்டு மாதத்தில் 360 யூனிட் கூடும். மொத்தம் 760. ஐந்நூறைத் தாண்டியதுமே கீழ் ஸ்லாப்களின் சலுகை விலை போய்விடுகிறது. கடைசி 160 யூனிட்டில் ஒவ்வொன்றுக்கும் 9 ரூபாய்க்கு மேல் கட்டவேண்டும். பில் ஏறக்குறைய 4,400 ரூபாய். பில்லின் சராசரி யூனிட்டுக்கு 6 ரூபாய்க்குக் கீழ் என்று காட்டும். ஆனால் காரால் கூடிய தொகையை 360-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 9 ரூபாய் வருகிறது. சோலார் மிச்சப்படுத்துவது இந்த யூனிட்டைத்தான்.

சோலார் யூனிட் என்ன விலை? 3 கிலோவாட் அமைப்பு 1.80 லட்சம் என்றால், 2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தின் 78,000 ரூபாய் மானியம் போகக் கைப்பணம் 1.02 லட்சம். நாளுக்குச் சராசரி 12 யூனிட். பேனல் தேய்மானத்தைக் கழித்தாலும் 25 ஆண்டில் ஏறக்குறைய ஒரு லட்சம் யூனிட். நடுவில் இன்வெர்ட்டர் மாற்றும் செலவையும் சேர்த்தால், வட்டி நீங்கலாக, யூனிட் ஒன்றரை ரூபாய்.

கார் பகலில் வெளியே நிற்கும், இரவில்தான் சார்ஜ் ஏறும். பகலில் லைனுக்குக் கொடுத்த யூனிட்டை இரவில் எடுப்பதில் கழித்துக்கொள்ளும் நெட் மீட்டர் இருப்பதால் இந்தக் கணக்கு நிற்கிறது.

மலையில் இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். காட்டுக்குள் போகும் லைன் காற்றில் அறுந்தால் ஆன்-கிரிட் இன்வெர்ட்டரும் நின்றுவிடும். உச்சி வெயிலிலும் காருக்கு ஒரு யூனிட் கிடைக்காது. அதற்காகக் காருக்கென்றே பேட்டரி வைப்பது வீண் செலவு. விளக்குக்கும் ஃபிரிட்ஜுக்கும் மட்டும் வைத்தால் போதும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை மேகத்தில் உற்பத்தி குறையும். பலா மரத்தின் நிழல் ஒரே பேனலில் விழுந்தாலும் அந்த வரிசையே சுணங்கும். காலை நிழலையும் மாலை நிழலையும் நேரில் பார்க்காமல் கொட்டேஷன் கொடுக்கக் கூடாது.

ஏற்றமும் கணக்கில் வரும். இதே மலையில் உள்ள காவலூர் வானாய்வகம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆளோடு 1,500 கிலோ எடையுள்ள கார் அடிவாரத்திலிருந்து 500 மீட்டர் ஏற, சாதாரண ஓட்டத்துக்குச் செலவாவது போக, 2 யூனிட் கூடுதலாக வேண்டும். இறங்கும்போது மோட்டாரே பிரேக் பிடித்து அதில் ஒரு பங்கைத் திருப்பித் தரும். மேலே வீட்டில் நூறு சதவீதம் ஏற்றிக்கொண்டு கிளம்பினால் அதை வாங்கிக்கொள்ள பேட்டரியில் இடம் இருக்காது. சார்ஜர் பொருத்தும் அன்றே 90 சதவீதத்தில் நிற்கும்படி செட்டிங் வைத்துக் கொடுத்துவிட்டால் அந்த யூனிட்டும் மிச்சம், கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக் கட்டையும் மிச்சம்.