இறைச்சி இல்லாத சாசேஜ்: சத்து இருக்கிறதா?

மேற்கு ஜெர்மனியின் பிரதமராக 1949 முதல் 1963 வரை இருந்தவர் கொன்ராட் அடினாயர். பெரிய ராஜதந்திரி. அவர் ஒரு சாசேஜைக் கண்டுபிடித்தவர் என்பது பலருக்குத் தெரியாது.

சாசேஜ் என்பது என்ன? பன்றி இறைச்சியைக் கைமா செய்வார்கள். அதோடு கொழுப்பு, உப்பு, மிளகு, வாசனை இலைகள் சேர்ப்பார்கள். குடலிலோ, குடல் போன்ற மெல்லிய உறையிலோ அடைப்பார்கள். விரல் போல நீளமாக இருக்கும். அதைப் பொரித்து முட்டையோடும் ரொட்டியோடும் சாப்பிடுவார்கள். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பல வீடுகளில் இதுதான் காலைப் பலகாரம்.

அடினாயர் செய்த சாசேஜில் சோயா மாவு இருந்தது. இறைச்சிக்குப் பதில் சோயா!

அது முதல் உலகப் போர் நடந்த காலம். கொலோன் நகர மக்களுக்கு உணவு கிடைக்கச் செய்யும் பொறுப்பு அடினாயரிடம் இருந்தது. இங்கிலாந்தின் கப்பல் படை ஜெர்மனிக்கு உணவு போகும் வழியை அடைத்துவிட்டது. மக்கள் பசியால் வாடினார்கள். அப்போதுதான் அவர் சோயா சாசேஜைச் செய்தார். சொந்த நாட்டில் அதற்குப் பேடண்ட் உரிமை கேட்டார். கிடைக்கவில்லை. "இறைச்சி இல்லாத பண்டத்தைச் சாசேஜ் என்று சொல்லக் கூடாது" என்று சட்டம் குறுக்கே நின்றது. எதிரி நாடான இங்கிலாந்து 1918 ஜூன் 26-ந் தேதி அந்த உரிமையைக் கொடுத்தது. வேடிக்கைதான்!

அன்று கவலை பசி. இன்று அந்த நாடுகளில் கவலை வேறு. மாரடைப்பும் புற்றுநோயும் மக்களைப் பயமுறுத்துகின்றன. அதனால் கடைகளில் இறைச்சி இல்லாத சாசேஜ் குவிந்து கிடக்கிறது. "இறைச்சி இல்லை. ஆகவே உடம்புக்கு நல்லது" என்று எண்ணித் தாய்மார்கள் வாங்குகிறார்கள், குழந்தைகளுக்கும் பொரித்துக் கொடுக்கிறார்கள்.

அந்த எண்ணம் பாதி சரி. பாதி தவறு.

சரியான பாதி

முதலில் பன்றி சாசேஜைப் பார்ப்போம். அமெரிக்கச் சட்டப்படி, சமைக்காத பன்றி சாசேஜில் பாதி வரை கொழுப்பு இருக்கலாம். சமைத்த பிறகு 100 கிராமில் சுமார் 18 கிராம் புரதம் இருக்கும். கொழுப்போ சுமார் 27 கிராம். புரதத்துக்காகச் சாப்பிடப் போய்க் கொழுப்பை வாங்கிக்கொள்கிறோம். இங்கிலாந்தில் 42 சதவீதம் பன்றி இறைச்சி இருந்தாலே "பன்றி சாசேஜ்" என்று விற்கலாம். மீதியில் ரொட்டித் தூளும் தண்ணீரும் கூட இருக்கும்.

2015-ம் ஆண்டு உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிக் குழு ஒரு முடிவை வெளியிட்டது. உப்பிட்டும் புகையூட்டியும் பதப்படுத்திய இறைச்சி புற்றுநோயை உண்டாக்கும் என்றது. தினம் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடலில் புற்றுநோய் வரும் ஆபத்து 18 சதவீதம் கூடும் என்றும் சொன்னது. இதைக் கேட்டு நடுங்க வேண்டாம். சாப்பிடுகிறவர்களில் 100-க்கு 18 பேருக்குப் புற்றுநோய் வரும் என்று அர்த்தம் அல்ல. 100 பேருக்கு வரக்கூடிய இடத்தில் 118 பேருக்கு வரும் என்பதே அர்த்தம். ஆனாலும் அது அதிகம்தானே?

சோயா சாசேஜில் இந்த வம்பு இல்லை. கொலஸ்டிரால் கிடையாது. இறைச்சியில் சிறிதும் இல்லாத நார்ச்சத்து இதில் உண்டு. சோயாவின் புரதம் மட்டமானது அல்ல. உடம்புக்கு வேண்டிய எல்லா அமினோ அமிலங்களும் அதில் இருக்கின்றன. நம் ஊர் மளிகைக் கடையில் "மீல் மேக்கர்" என்று சோயா உருண்டை விற்கிறார்களே, அதற்கும் இதற்கும் செய்முறை ஏறக்குறைய ஒன்றுதான். எண்ணெய் எடுத்த சோயா மாவைச் சூட்டோடு அழுத்தித் துளை வழியே தள்ளுவார்கள். அது நார் நாராக, இறைச்சி போல வரும்.

அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகம் 36 பேரை வைத்துச் சோதனை செய்தது. அவர்கள் 8 வாரம் இறைச்சி சாப்பிட்டார்கள். 8 வாரம் இறைச்சி போன்ற தாவர உணவு சாப்பிட்டார்கள். தாவர உணவு சாப்பிட்டபோது ரத்தத்தில் கெட்ட கொலஸ்டிரால் குறைந்தது. உடல் எடையும் சுமார் 1 கிலோ குறைவாக இருந்தது. 2020-ல் இந்த முடிவு வெளியாயிற்று. சோதனைக்குப் பணம் கொடுத்தது, அந்தத் தாவர உணவைத் தயாரிக்கும் "பியாண்ட் மீட்" கம்பெனி. அதனால் சோதனை பொய் என்று நான் சொல்லவில்லை. பணம் எங்கிருந்து வந்தது என்பது படிக்கிறவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தவறான பாதி

உப்பு! இங்கேதான் ஏமாந்து போகிறோம்.

சோயாவுக்குச் சொந்த ருசி அதிகம் இல்லை. இறைச்சி போல ருசிக்க வேண்டுமானால் உப்பை அள்ளிப் போட வேண்டியிருக்கிறது. பன்றி சாசேஜ் 100 கிராமில் சுமார் 2 கிராம் உப்பு இருக்கிறது. சோயா சாசேஜிலும் பல வகைகளில் அதற்குச் சளைக்காத உப்பு உண்டு. ஒருவர் ஒரு நாளில் சாப்பிட வேண்டிய உப்பு 5 கிராமுக்கும் குறைவு என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஒரு தேக்கரண்டி அளவுதான். காலையிலேயே அதில் மூன்றில் ஒரு பங்கைத் தீர்த்துவிட்டால் மதியமும் இரவும் என்ன செய்வது? ரத்தக் கொதிப்பு உள்ளவர், "இது சைவம்தானே" என்று நாலு சாசேஜை உள்ளே தள்ளினால், சைவம் என்பதற்காக ரத்தக் கொதிப்பு அவரை விட்டுவிடாது.

அடுத்தது எண்ணெய். சில கம்பெனிகள் தேங்காய் எண்ணெய் சேர்க்கின்றன. வாயில் வைத்தால் இறைச்சிக் கொழுப்பு போலவே உருகும் என்பதற்காக. தேங்காய் எண்ணெயில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல், கெட்ட கொலஸ்டிராலைக் கூட்டும் கொழுப்புதான்.

இன்னொரு குழப்பமும் உண்டு. இறைச்சி இல்லாத சாசேஜ் எல்லாம் சோயா சாசேஜ் அல்ல. உருளைக்கிழங்கு, காரட், அரிசி இவற்றைப் பிசைந்து செய்வதும் உண்டு. அவற்றில் சிலவற்றில் 100 கிராமுக்கு 5 கிராம் புரதம் கூட இராது. இறைச்சியை நிறுத்திவிட்டு, அதற்கு ஈடு என்று இதைக் குழந்தைக்குக் கொடுக்கும் தாய் ஏமாறுகிறாள். கோதுமைப் புரதத்தில் செய்ததும் உண்டு. கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் அதைத் தொடக் கூடாது.

இறைச்சி, முட்டை, பால் எல்லாவற்றையும் விட்டவர்கள் வைட்டமின் பி-12-ஐ மறந்துவிடக் கூடாது. தயாரிக்கும்போது தனியாகச் சேர்த்தால்தான் அது சாசேஜில் இருக்கும்.

பெயரா, சத்தா?

2025 அக்டோபரில் ஐரோப்பியப் பாராளுமன்றத்தில் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. இறைச்சி இல்லாத உணவுக்குச் சாசேஜ், பர்கர் என்ற பெயர்களை வைக்கக் கூடாது என்று அங்கத்தினர்களில் அதிகம் பேர் வாக்களித்தார்கள். அடினாயருக்குச் சொன்ன அதே பதில்! 107 ஆண்டுகள் ஆகியும் சண்டை பெயரைப் பற்றித்தான்.

பெயரைப் பார்த்து யாருக்கும் நோய் வருவதில்லை. பாக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் கணக்கைப் பார்க்க வேண்டும். 100 கிராமில் உப்பு 1.5 கிராமுக்கு மேல் இருந்தால் அது அதிகம் என்று இங்கிலாந்தில் வகுத்திருக்கிறார்கள். அங்கே பல பாக்கெட்டுகளின் முன்பக்கத்திலேயே அதற்குச் சிவப்புக் குறி போடுகிறார்கள். படிக்கத் தெரியாதவருக்கும் சிவப்பு புரியும். இந்தக் குறியை எல்லா நாடுகளிலும் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் கருத்து. பெயருக்காக வாக்கெடுப்பு நடத்துகிறவர்கள் இதற்கும் ஒன்று நடத்தலாம்.

சோயா சாசேஜை வாரத்தில் ஒன்றிரண்டு நாள் ஆசைக்குச் சாப்பிடட்டும். பன்றி சாசேஜை விட அது மேல். ஆனால் அந்த இங்கிலீஷ் காலைத் தட்டை ஒரு தடவை உற்றுப் பாருங்கள். சாசேஜுக்குப் பக்கத்திலேயே தக்காளிச் சாற்றில் ஊறிய பீன்ஸ் இருக்கும். அதிலும் புரதம் உண்டு, நார்ச்சத்து உண்டு, கொழுப்பு மிகக் குறைவு. விலையும் மலிவு. டின்னில் வருவதில் உப்பும் சர்க்கரையும் சேர்த்திருப்பார்கள். உலர்ந்த பீன்ஸை வாங்கி, இரவு ஊறப் போட்டு, காலையில் நன்றாக வேக வைத்தால் அதுவும் இல்லை.